விதி எல்லாருக்கும் ஒன்று. சுமை எல்லாருக்கும் ஒன்றா?



தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஈசூனில் ஏதாவது ஒரு புளோக்கில் மாலை நேரம் நடந்து பாருங்கள். எந்த மாடியிலிருந்தாவது முறுக்கு வேகும் மணம் வரும். அந்த வீட்டில் பிழிகிற முறுக்கு அத்தனையும் அந்தக் குடும்பம் தின்று தீர்ப்பதற்கில்லை என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். முன்கூட்டியே சொல்லி வைத்தவர்களுக்குத்தான் பாதிக்கு மேல் போகும். தீபாவளி முடிந்தால் தோசை மாவு, இடியப்பம், ஊறுகாய். பக்கத்து புளோக்கில் ரவிக்கை தைக்கும் ஓர் அக்கா, புருவம் திருத்தும் ஒரு தங்கை, மாலையில் இரண்டு பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித் தரும் ஓர் ஆசிரியை. நம் குடும்பங்கள் பலவற்றில் மின்சாரக் கட்டணமும் பிள்ளையின் பள்ளிப் பேருந்துச் செலவும் இந்தச் சில்லறைக் காசில்தான் அடைகின்றன.

அந்த அக்காவிடம் போய், "இதற்கு அனுமதி இருக்கிறதா அக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். உடனே குரல் தாழும். "சத்தமா பேசாதப்பா. வீவகவுக்குத் தெரிஞ்சா வீட்டையே பிடுங்கிருவாங்க" என்பார். இப்படி ஒரு பயம் நம்மிடம் தலைமுறையாக ஓடிக்கொண்டிருக்கிறது. இந்தக் கட்டுரை அந்தப் பயத்தைப் பற்றியும், பயத்துக்குப் பின்னால் நாம் கேட்காமல் விட்டுவிட்ட நியாயத்தைப் பற்றியும்தான்.

முதலில் பயத்தை இறக்கி வைப்போம். வீட்டிலிருந்து சிறுதொழில் செய்வது சட்டவிரோதம் இல்லை. வீடமைப்பு வளர்ச்சிக் கழகமும் நகர மறுசீரமைப்பு ஆணையமும் வைத்திருக்கும் வீடு சார்ந்த சிறுதொழில் திட்டத்தின்கீழ், சிறிய அளவில் சமைத்து விற்பது, பேக்கிங், தையல், முடி திருத்துதல், அழகுப் பராமரிப்பு ஆகியவற்றுக்கு முன் அனுமதி வாங்கவே தேவையில்லை. ஒரே நேரத்தில் மூன்று மாணவர்களுக்கு மிகாமல் டியூஷன் சொல்லித் தருவதும் அப்படியே. வீட்டில் சமைத்து விற்பவர் சிங்கப்பூர் உணவு அமைப்பிடம் உரிமம் எடுக்க வேண்டியதும் இல்லை. ஆனால் உணவுப் பாதுகாப்புச் சட்டங்கள் அவருக்கும் பொருந்தும். அவர் விற்ற உணவைச் சாப்பிட்டு யாருக்காவது உடம்புக்கு வந்தால் பொறுப்பு அவருடையதே.

நிபந்தனைகள் உண்டு. அந்த வீட்டில் குடியிருப்பவர்கள் மட்டுமே தொழிலைச் செய்ய வேண்டும், வெளியாளை வேலைக்கு வைக்கக் கூடாது. வாசலிலோ தாழ்வாரத்திலோ விளம்பரப் பலகை வைக்கக் கூடாது. கனரக இயந்திரம் கூடாது, பெருமளவில் சரக்கு அடுக்கக் கூடாது. சத்தம், புகை, வாடை, குப்பை, ஓயாத ஆள் நடமாட்டம் ஆகியவற்றால் அண்டை வீட்டாருக்குத் தொல்லை வரக் கூடாது. வீட்டையே கடையாக்குவதும், விருந்துகளுக்கு உணவு வழங்கும் கேட்டரிங் தொழிலை வீட்டில் நடத்துவதும் தடை. வீடு முதலில் வீடாக இருக்க வேண்டும் என்பதுதான் இவற்றின் அடிப்படை. இதில் தவறு காண எனக்கு ஒன்றுமில்லை. அடுத்த சுவரில் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருக்கிறது என்பதை நாமும் மறக்கக் கூடாது.

சரி, விதி எல்லாருக்கும் ஒன்றுதானே, பிறகு என்ன குறை என்று கேட்பீர்கள். விதி ஒன்றுதான். அது விழும் தோள்கள்தான் வேறு வேறு. மூன்று இடங்களில் இதைப் பார்க்கலாம்.

முதலாவது, வாடிக்கையாளர் எங்கே இருக்கிறார் என்பது. ஒரு காலத்தில் செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்த தமிழரும் மலையாளிகளும் தளத்துக் குடியிருப்புகளில் பக்கம் பக்கமாக வாழ்ந்தார்கள். இன்று ஈசூன் தொழிற்பேட்டையில் இருக்கும் புனித மரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயம் அந்தக் காலத்தில் கான்பரா சாலைப் பக்கம் ஒரு மரத்தடியில் தொடங்கியது என்பது பெரியவர்களுக்குத் தெரியும். பின்னர் எல்லாரும் அடுக்குமாடிகளுக்கு வந்தோம். 1989ஆம் ஆண்டு இன ஒருங்கிணைப்புக் கொள்கை வந்தது. 2010ஆம் ஆண்டிலிருந்து ஒரு புளோக்கில் இந்தியரும் பிற இனத்தவரும் சேர்ந்து 15 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, ஒரு வட்டாரத்தில் 12 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது வரம்பு. சீனர்களுக்கு இது 87, 84. மலாய்க்காரர்களுக்கு 25, 22. இனங்கள் தனித்தனிப் பேட்டைகளாகப் பிரிந்துவிடக் கூடாது என்ற நோக்கத்தில் கொண்டுவரப்பட்ட கொள்கை இது. அந்த நோக்கத்தோடு எனக்குச் சண்டை இல்லை.

ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். நூறு வீடுகள் உள்ள ஒரு புளோக்கில் இந்தியரும் பிற இனத்தவரும் சேர்ந்து அதிகபட்சம் பதினைந்து வீடு. அதில் இடியப்பம் வாங்குகிறவர் எத்தனை பேர்? பெரும்பான்மை இனத்துப் பெண் ஒருவர் வீட்டில் பலகாரம் செய்தால், அவருடைய இருபது வாடிக்கையாளரும் அதே புளோக்கில் இருக்க வாய்ப்பு உண்டு. பிள்ளையை ஒரு மாடி இறங்கச் சொல்லி வாங்கிக்கொள்வார்கள். யாருக்கும் எதுவும் தெரியாது. நம் அக்காவின் இருபது வாடிக்கையாளர் எட்டுத் தெருக்களில் சிதறிக் கிடக்கிறார்கள். அவர்கள் மோட்டார் சைக்கிளில் வருவார்கள், மின்தூக்கியில் ஏறுவார்கள், எந்த வீடு என்று தெரியாமல் தாழ்வாரத்தில் நின்று கதவு எண் தேடுவார்கள். வியாபாரம் அதே இருபது பொட்டலம்தான். ஆனால் "அடிக்கடி வெளியாட்கள் வருகிறார்கள்" என்று புகார் போவது எந்த வீட்டின் மேல்? நம்மைப் பரப்பி வைத்த ஏற்பாட்டை ஏற்றுக்கொண்டு வாழ்கிறோம். அப்படிப் பரப்பியதால் வரும் நடமாட்டத்துக்கும் நாமே குற்றவாளி ஆக வேண்டுமா?

இரண்டாவது, கை. முறுக்கு பிழிவது, அதிரசம் தட்டுவது, ஊறுகாய்க்கு மாங்காய் நறுக்குவது எதுவும் ஒற்றை ஆள் வேலை இல்லை. அக்காவும் தங்கையும் நாத்தனாரும் பெரியம்மாவும் கூடி உட்கார்ந்து செய்கிற வேலை. சாலைக்கு அந்தப் பக்கத்து புளோக்கில் இருக்கும் சொந்தத் தங்கை வந்து கூலி வாங்கிக்கொண்டு உதவினால், அவர் இந்த வீட்டில் குடியிருப்பவர் இல்லையே. விதிப்படி அது கூடாது.

இதே வீவகவின் வீட்டு அலுவலகத் திட்டத்தைப் பாருங்கள். 2003ஆம் ஆண்டு, சார்ஸ் வந்து வேலைவாய்ப்பு வாடிக் கிடந்த நேரத்தில் தொடங்கப்பட்டது அது. கணக்கெழுதுபவர், வடிவமைப்பாளர், ஆலோசகர், காப்புறுதி முகவர் போன்றோர் விண்ணப்பித்து அனுமதி பெற்று வீட்டையே அலுவலகமாகவும் வைத்துக்கொள்ளலாம். அந்த வீட்டில் குடியிராத இருவர் வரை அங்கே வந்து வேலை செய்யலாம். சிந்தித்துப் பாருங்கள். கணினி முன்னால் உட்காருகிறவருக்கு வெளியாள் இருவர். அடுப்பு முன்னால் நிற்கிறவருக்கு ஒருவர்கூட இல்லை. முதலாவது திட்டத்தைப் பயன்படுத்துகிறவர் யார், இரண்டாவதில் இருக்கிறவர் யார் என்று நான் விளக்க வேண்டியதில்லை. இது இனப் பிரச்சினை மட்டும் இல்லை, வர்க்கப் பிரச்சினையும்கூட. சீனத் தையல்காரம்மாவுக்கும் மலாய் கேக் அக்காவுக்கும் இதே கதைதான். அவர்கள் நமக்குப் போட்டியாளர்கள் இல்லை, கூட்டாளிகள்.

மூன்றாவது, வாடை. இங்கேதான் நமக்கு உண்மையாகச் சுடுகிறது. 2011ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் நடந்தது நினைவிருக்கிறதா? சீனாவிலிருந்து வந்து குடியேறிய ஒரு குடும்பம், பக்கத்து வீட்டு இந்தியக் குடும்பத்தின் கறி வாசனையைத் தாங்க முடியவில்லை என்று முறையிட்டது. சமூக சமரச நிலையத்தில் பேசித் தீர்த்தார்கள். அவர்கள் வீட்டில் இல்லாத நேரத்தில் மட்டும் கறி சமைப்பது என்று இந்தியக் குடும்பம் ஒத்துக்கொண்டது. ஒரு நாள் கறியைச் சாப்பிட்டுப் பார்ப்பதாக அந்தக் குடும்பம் ஒத்துக்கொண்டது. பல ஆண்டுகளுக்கு முன் நடந்த இந்தச் சமரசம் 2011இல் பத்திரிகையில் வந்தபோது நாடே கொதித்தது. சம்பவம் பழையது, தீர்வைச் சமரசம் செய்தவர் திணிக்கவில்லை, இரு தரப்பும் தாமாக ஒத்துக்கொண்டதுதான் என்று சட்ட அமைச்சு விளக்கம் சொன்னது. அந்த ஆகஸ்ட் 21ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, சீனர், மலாய்க்காரர், இந்தியர் என்று பார்க்காமல் ஏராளமானோர் தங்கள் வீட்டில் கறி சமைத்துப் பகிர்ந்துகொண்டார்கள். நமக்காக அடுத்தவர் அடுப்பு மூட்டிய நாள் அது. அதை நாம் மறக்கக் கூடாது.

ஆனாலும் அந்தக் கதையில் ஒரு பாடம் இருக்கிறது. "தொல்லை தரும் வாடை" என்பதற்கு அளவுகோல் இல்லை. எண்ணெய்ப் புகை அடைத்துக்கொண்டு வருவது வேறு, தாளிதம் பிடிக்காமல் போவது வேறு. இரண்டும் ஒரே சொல்லில் அடங்குகின்றன. 2015ஆம் ஆண்டிலிருந்து அண்டை வீட்டுத் தகராறுகளை விசாரிக்கத் தனி நடுவர் மன்றமும் இருக்கிறது. சத்தத்தைப் போலவே வாடையும் அங்கே புகாராகலாம். குடும்பத்துக்குச் சமைக்கும்போதே நமக்கு இந்த நெருக்கடி என்றால், விற்பதற்குச் சமைக்கும்போது கேட்க வேண்டுமா? "இவர்கள் வியாபாரம் செய்கிறார்கள்" என்ற ஒரு வரி சேர்ந்தவுடன், மூக்கைச் சுளித்தவருடைய புகாருக்கு ஒரு விதி துணைக்கு வந்துவிடுகிறது.

எதிர்த்தரப்பு நியாயத்தையும் கேட்போம். கேட்காவிட்டால் நம் பேச்சுக்கு மதிப்பில்லை. லிட்டில் இந்தியாவில் கடை வைத்திருப்பவர் வாடகை கட்டுகிறார், உரிமக் கட்டணம் கட்டுகிறார், வெளிநாட்டு ஊழியருக்குத் தீர்வை கட்டுகிறார். வீட்டில் சமைப்பவருக்கு இவை எதுவும் இல்லை. "நாங்கள் மட்டும் ஏன்?" என்று அவர் கேட்பதில் நியாயம் உண்டு. அவரும் நம்மவர்தான். இரவு பதினோரு மணிக்குக் கிரைண்டரைப் போட்டு உளுந்து ஆட்டினால் கீழ்வீட்டுக்காரர் புகார் செய்வதிலும் நியாயம் உண்டு. சமைத்ததை நேரத்தோடு குளிரூட்டாமல் விற்று ஒரு பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வந்தால், "ஏழைப் பிழைப்பு" என்ற வாதம் அங்கே எடுபடாது. ஆகவே வரம்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எண்ணிப் பார்க்கக்கூடிய வரம்பு வேண்டும் என்கிறேன்.

அப்படி முடியுமா? அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் 2018ஆம் ஆண்டு ஒரு சட்டம் இயற்றினார்கள். அதை ஏற்கும் மாவட்டங்களில் வீட்டுச் சமையலறையில் சமைத்து விற்க உரிமம் வாங்கலாம். ஒரு நாளைக்கு 30 சாப்பாடு, வாரத்துக்கு 60 என்று எண்ணிக்கை வைத்தார்கள். வார வரம்பைப் பின்னர் 90 ஆக உயர்த்தினார்கள். குடும்பத்தார் தவிர முழுநேரத்துக்கு ஈடாக ஓர் ஆளையும் வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். அந்த நாட்டு நிலைமை வேறு, அங்கே உரிமமும் பரிசோதனையும் உண்டு, நமக்கு இரண்டும் இல்லை. அதை அப்படியே இங்கே நட வேண்டும் என்பதில்லை. ஆனால் வரம்பு எண்ணாக இருந்தால், அண்டை வீட்டாரின் மனநிலையைப் பொறுத்து நம் பிழைப்பு ஆடாது என்பதைக் கவனியுங்கள்.

நம் நாட்டிலும் விதிகள் கல்லில் செதுக்கியவை இல்லை. கூடையைத் தலையில் வைத்துப் புட்டுமாயம் விற்றவர்களும், காச்சாங் பூத்தே விற்றவர்களும் ஒரு காலத்தில் தெருவோரக்காரர்கள். 1968, 1969ஆம் ஆண்டுகளில் தெருவியாபாரிகளை நாடு முழுவதும் பதிவு செய்தார்கள். பிறகு படிப்படியாக உணவங்காடி நிலையங்கள் கட்டிக் குடியமர்த்தினார்கள். அந்தப் பணி 1986இல் முடிந்தது. எந்தத் தொழிலைத் தொல்லை என்று கருதினார்களோ, அந்த அங்காடிப் பண்பாடு 2020 டிசம்பரில் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. நாடே பெருமைப்பட்டது.

அதே 2020இல் இன்னொன்றும் நடந்தது. கொரோனா பரவலை முறியடிக்க ஏப்ரல் 7 முதல் எல்லாம் மூடப்பட்டபோது, வீட்டில் சமைத்து விற்பவர்களும் ஏப்ரல் கடைசியில் நிறுத்த வேண்டியதாயிற்று. அது நோன்பு மாதம். மலாய் சகோதரிகள் பலருக்கு ஆண்டின் முக்கிய வருமானமே அந்த மாதத்துப் பலகாரத்தில்தான். அவர்கள் வாய் மூடி இருக்கவில்லை. மனு எழுதினார்கள், விளக்கம் கேட்டார்கள். மே 12 முதல் நிபந்தனைகளோடு வீட்டு உணவுத் தொழில் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. பெருநாள் மே 24. பன்னிரண்டு நாள் வியாபாரமாவது கைக்கு வந்தது. தாழ்ந்த குரலில் பேசியிருந்தால் அவர்கள் இருக்கிறார்கள் என்பதே யாருக்கும் தெரிந்திருக்காது.

நாம் என்ன கேட்கிறோம்? நான்கே நான்கு.

ஒன்று: வீட்டு அலுவலகத்துக்கு வெளியாள் இருவர் என்றால், வீட்டுச் சிறுதொழிலுக்கு வெளியாள் ஒருவராவது வேண்டும். குறைந்தபட்சம் வேறு புளோக்கில் வசிக்கும் பெற்றோர், உடன்பிறந்தார், பிள்ளைகளுக்கு அனுமதி தரலாம்.

இரண்டு: ஆள் நடமாட்டம் என்பதை எண்ணாகவோ நேரமாகவோ சொல்ல வேண்டும். பொருளை எடுத்துச் செல்ல ஒரு மணி நேரத்தில் இத்தனை பேர், இரவு இத்தனை மணி வரை என்று இருந்தால் எல்லாரும் அதன்படி நடக்கலாம்.

மூன்று: வாடைப் புகாரைப் புகை, எண்ணெய், காற்றோட்டம், நேரம், அளவு ஆகியவற்றை வைத்தே பார்க்க வேண்டும். எந்த இனத்தின் சமையல் என்பதை வைத்துப் பார்க்கக் கூடாது. அதை விதியிலேயே எழுத வேண்டும்.

நான்கு: தமிழ் இந்த நாட்டின் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று. இந்த விதிகளை அம்மாமார்களுக்குப் புரியும் தமிழில், அவர்கள் கேள்வி கேட்கக்கூடிய இடத்தில் வந்து விளக்க வேண்டும். சமூக மன்றத்தில் ஒரு மாலை போதும்.

கேட்பதற்கு முன் நம் வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்வோம். உணவுப் பாதுகாப்பு அடிப்படைப் பயிற்சி ஒன்றை முடித்துவிடுங்கள். கட்டாயம் இல்லாவிட்டாலும் அந்தச் சான்றிதழ் உங்களுக்குக் கவசம். வரவு செலவை ஒரு நோட்டில் எழுதுங்கள். சொந்தத் தொழில் வருமானத்தை வருமான வரிக் கணக்கில் காட்ட வேண்டும். செலவு போக ஆண்டு லாபம் 6,000 வெள்ளியைத் தாண்டினால் மெடிசேவ் சந்தாவும் உண்டு. அடையாள அட்டையில் உள்ள முழுப் பெயரில் தொழில் செய்தால் அக்ராவில் பதிய வேண்டாம். கடைப் பெயர் வைத்தால் பதிய வேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகளைத் தயவுசெய்து கவனியுங்கள். வீட்டுப் பணிப்பெண்ணை விற்பனைக்கான வேலையில் ஈடுபடுத்தாதீர்கள். அது சட்டப்படி குற்றம், அந்தப் பெண்ணுக்கும் அநியாயம். நம் உரிமையைப் பேசிக்கொண்டு இன்னொரு ஏழைப் பெண்ணின் உழைப்பை எடுத்துக்கொள்ளக் கூடாது. அடுத்து, ஊரிலிருந்து சார்ந்திருப்போர் அட்டையிலோ நீண்டகால வருகை அட்டையிலோ வந்திருக்கும் தங்கைகளே, சொந்தத் தொழிலும் வேலையாகவே கருதப்படும். மனிதவள அமைச்சிடம் கேட்டு உரிய அனுமதி பெறாமல் தொடங்காதீர்கள். "பக்கத்து வீட்டு அக்கா செய்கிறாரே" என்று பார்க்க வேண்டாம். அவர் குடியுரிமை பெற்றவராக இருக்கலாம்.

கடைசியாக, உங்கள் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள். "வாரம் இரண்டு நாள் இடியப்பம் செய்து விற்கிறேன், சத்தமோ புகையோ தொல்லையாக இருந்தால் என்னிடம் நேராகச் சொல்லுங்கள்" என்று ஒரு தட்டோடு போய்ச் சொல்லுங்கள். பிறகு, தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்புக்கு ஒரு நாள் மாலை போங்கள். தனியாகப் போகாதீர்கள். தையல் அக்காவையும், கேக் செய்யும் மலாய்ச் சகோதரியையும், பலகாரம் செய்யும் சீனப் பாட்டியையும் கூட்டிக்கொண்டு போங்கள். மேலே சொன்ன நான்கையும் ஒரு தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.

"யாரிடமும் சொல்லாதே" என்று சொல்லிச் சொல்லியே நம் அம்மாக்கள் முறுக்கு விற்றுவிட்டார்கள். அனுமதி உள்ள தொழிலை அவர்கள் மகள்களாவது நிமிர்ந்து செய்யட்டும். இந்தத் தீபாவளிக்கு முன் அந்தத் தாள் எழுதப்படட்டும்.